கம்பெனிச் சேலையில் ஒரு மேகம்

பொன்மணி வேலை விட்டு வந்ததும் நேராக வீட்டுக்குள் நுழைவதில்லை. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற எந்தப் பெண்ணும் அந்தத் தெருவில் அப்படி நுழைவதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓலைத்தட்டி வைத்து மறைத்த இடத்துக்குப் போய், கம்பெனிச் சேலையைக் களைந்து சிமெண்டுத் தொட்டியில் அமுக்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேறு சேலை உடுத்திய பிறகுதான் அடுப்படிப் பக்கம் திரும்புவாள். கம்பெனிச் சேலைக்குத் தனித் தொட்டி. காயப்போடவும் தனி இடம், வேலியோரத்துக் கருவேல மரம். அதை மடித்து வீட்டுக்குள் வைக்கிற வழக்கமே கிடையாது.

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் ஒரே ஒரு நாள் அந்த வழக்கத்தை மறந்தாள். பசியோடு வந்தவள், உலை கொதித்துவிட்டதா என்று பார்க்கக் கம்பெனிச் சேலையோடு அடுப்பின் முன்னால் குனிந்தாள். சேலையில் படிந்திருந்த வெடிமருந்துத் தூள் பற்றி, இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோயிற்று. "அம்புட்டு வருசமும் கம்பெனியில வெடிக்காதவ, எங்க வீட்டு அடுப்படியில வெடிச்சேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்கள்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள்.

ஆடிக் காற்று தட்டியைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்போல அடித்த ஒரு சாயங்காலம், பொன்மணி தலையில் இரண்டாவது செம்புத் தண்ணீரை ஊற்றும்போது வெளியே மகளின் குரல் கேட்டது.

"எம்மா, நான் மேகமாம்!"

"என்னது?"

"சுதந்திர தினத்துக்கு நாடகம் போடுறோம். நான்தான் மேகம். பானுப்பிரியா டீச்சர் சொல்லிட்டாக. மேகத்துக்குத்தான் வசனம் ஜாஸ்தி. பூரணம் வெறும் சோளப்பயிருதான், அவ சும்மா படுத்துக் கெடக்கணும்."

"நல்லதாப் போச்சு."

"மேகத்துக்கு அங்கி வேணும்மா. இங்கன கழுத்துல முடிச்சுப் போட்டு, முதுகுல தொங்கணும். கைய விரிச்சா அதுவும் பெரிசா விரியணும். வெள்ளையாவும் இருக்கக்கூடாது, கறுப்பாவும் இருக்கக்கூடாது. மினுமினுன்னு இருக்கணும்."

"மினுமினுன்னு இருக்கணும்னு டீச்சரா சொன்னாக?"

தட்டியின் ஓலையை வெளியிலிருந்து ஒரு சின்ன விரல் பிய்த்தது.

"அது நான் சொன்னேன்" என்றாள் பாண்டிமீனா.

இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இதற்கு முன் பள்ளிக்கூடத்தில் எதற்கும் அவள் மேடை ஏறியதில்லை. போன வருடம் நடந்த ஆட்டத்தில் பின்வரிசையில் நிற்க வைத்து, ஆள் கூடிவிட்டது என்று கடைசி நாளில் கழற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகு இன்னும் பொன்மணியின் கண்ணில் இருந்தது. எப்படியாவது ஒரு அங்கி தைத்துவிட வேண்டும் என்று ஈரத் தலையைத் துவட்டும்போதே நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி. அன்றைக்குச் சோறு வடித்து இறக்கியதும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள்.

தீபாவளிக்கு முந்தின சீசன் அது. எம். புதுப்பட்டிப் பக்கம் இருக்கிற கம்பெனியில் அவளுக்குப் புஸ்வாணம் அடைக்கிற வேலை. அட்டைக் கூம்புகளை வரிசையாகக் கவிழ்த்துவைத்து, மருந்தை நிரப்பி, அமுக்கி, அடைத்து, அடுத்ததை எடுக்க வேண்டும். மருந்தில் கலந்த வெள்ளிப் பொடி நகக்கண்ணில் ஏறி, ரேகைகளில் இறங்கி, கையை ஒரு பொம்மையின் கைபோல ஆக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. புருஷன் மாரீஸ்வரன் லாரியில் லோடு ஏறிப்போய் வடக்கே எங்கேயோ இருந்தான். சிவகாசிக்குப் போய்த் துணி பார்க்க அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. மினுங்குகிற துணி வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று தகரப்பெட்டியைக் கிண்டினாள். எல்லாம் நூல் சேலைகள். கம்பெனிக்குப் போகிறவள் நைலான் உடுத்தக்கூடாது என்பதால் வீட்டுக்கும் அவள் நைலான் வாங்கியதில்லை. கல்யாணச் சேலை அரக்குச் சிவப்பு. அந்த நிறத்தில் மேகம் கிடையாது.

ஒரு பழைய வெள்ளை வேட்டியை எடுத்துக் காட்டினாள். பாண்டிமீனா அதைத் தொடக்கூட இல்லை.

"இது மேகமில்ல. இது அப்பா."

மறுநாள் அதிகாலையில் அவளாகவே மேகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பல் துலக்கிக்கொண்டே வேலிப் பக்கம் போனவள், கருவேல மரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். அம்மாவின் பழைய கம்பெனிச் சேலை ஒன்று காற்றில் புடைத்து நின்றது. ஒரு காலத்தில் நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சேலை. நாலைந்து சீசனில் நீலமும் போய், பூவும் போய், சாம்பல் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தச் சாம்பலுக்குள் வெள்ளி ஊறியிருந்தது. வெயிலின் முதல் கதிர் பட்டதும் அது ஓரிடத்தில் மினுங்கி, அடங்கி, வேறோரிடத்தில் மினுங்கியது.

"எம்மா! மேகம் இங்கன கெடக்கு!"

பொன்மணி ஓடிவந்து பார்த்தாள். மகளின் கை சேலையை நோக்கி நீண்டிருந்தது.

"சீ, அதத் தொடாத. எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

மகள் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு பொன்மணியும் சேலையைப் பார்த்தாள். அதை ஒரு துணியாக அவள் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. வேலை என்றால் அது, அவ்வளவுதான். அதில் பார்க்க ஏதாவது இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

சேலையின் ஓரத்தில் நாடா அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்தாள். நீளமான குச்சியின் நுனியில் அதைக் கட்டி, தெருவைத் தாண்டிப் பொட்டலுக்குப் போய், கல்லிடுக்கில் குச்சியைச் செருகி, எட்டி நின்று தீக்குச்சி உரசிப் பற்ற வைத்தாள். கம்பெனியில் திரியைச் சோதித்துப் பார்க்கிற மாதிரிதான். துணி ஒரு விரல் நீளம் சும்மா எரிந்தது. பிறகு சர்ரென்று சீறியது. வெள்ளை வெள்ளையாகப் பொறிகள் தெறித்தன.

"ஆகாது" என்றாள் பொன்மணி. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். சுவரைப் பார்த்துப் படுத்த அதே முதுகு, இப்போது பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து போனது.

அன்றிலிருந்து பொன்மணி அந்தச் சேலையைக் கழுவத் தொடங்கினாள். கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டாள். கல்லில் அடித்தாள். தண்ணீரை மாற்றி மாற்றி அலசினாள். வேலையிலிருந்து வந்து கையைத் தூக்க முடியாத நேரத்தில், இன்றைக்கு வேண்டாம் என்று உடம்பு கெஞ்சுகிற நேரத்தில், அதை மறுபடியும் தொட்டியிலிருந்து எடுத்தாள். கழுவக் கழுவத் தண்ணீர் தெளிந்தது. கழுவக் கழுவ மினுக்கமும் குறைந்தது. அது அவளுக்குத் தெரிந்தது, மகளுக்கும் தெரிந்தது. ஒரு பக்கம் மேகம் சாகிறது, மறுபக்கம் நெருப்புச் சாகிறது. எதற்கு முன்னால் எது சாகும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ஒரு காலையில் இன்னொரு கீற்றைப் பொட்டலில் வைத்துக் கொளுத்தினாள். அது மஞ்சளாக, சோம்பலாக, எல்லாத் துணியும் எரிவதுபோல எரிந்து கருகி விழுந்தது. ஒரு பொறி இல்லை. பொன்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மங்கிப்போச்சு" என்றாள் பாண்டிமீனா.

"மழை மேகம் மங்கலாத்தான் இருக்கும்."

"கொஞ்சம் மினுங்குது" என்று மகள் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். சாய்த்துப் பார்த்தால் கொஞ்சம் மினுங்கியது உண்மைதான்.

இனித் தைக்க வேண்டும். தெருமுனைத் தையல்காரர், ஆவணிக் கல்யாணத் துணியே முடியவில்லை, இதற்கெல்லாம் மிசினில் இடமில்லை என்று தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டார். கையால்தான் தைக்க வேண்டும். வீட்டில் ஊசியை எடுத்து உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். யோசித்துப் பார்த்தால் ஒரு நாளில் அவள் வேலை ஏதும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், கம்பெனி வேன். போகும்போது அரைமணி, வரும்போது அரைமணி. தூங்குகிற நேரம் அது. அதை அங்கிக்குக் கொடுத்தாள்.

வேன் குலுங்குகிற குலுங்கலில் ஊசி துணியில் ஏறியதைவிட விரலில் ஏறியது அதிகம். பக்கத்தில் கருப்பம்மாள், அந்தப் பக்கம் சின்னத்தாய்.

"என்ன புள்ள தைக்கிற, ஒனக்குச் சட்டையா?" என்றாள் சின்னத்தாய்.

"பாண்டிமீனாவுக்கு. நாடகத்துல மேகமா வாரா."

"அடிப்பாவி!" கருப்பம்மாள் வேனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "ஏ, இங்கன பாருங்கடி, நாம எல்லாரும் மழை வந்துரக்கூடாதுன்னு மாரியாத்தாளக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம், இவ வேனுக்குள்ள ஒக்காந்து மேகம் தைக்கிறா!"

"சீசன்ல மழை பேஞ்சா காயப்போட்ட மருந்து அம்புட்டும் போச்சு. கம்பெனியப் பூட்டிட்டு வீட்டுக்குப் போங்கம்பாக" என்றாள் சின்னத்தாய்.

"கொஞ்சமாத் தை புள்ள, தூறலோட நிக்கட்டும்" என்றது பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்.

"வசனம் என்ன தெரியுமா மதினி?" என்றாள் பொன்மணி. நாள் தவறாமல் மகள் சொல்லிச் சொல்லி அவளுக்கும் மனப்பாடமாகியிருந்தது. "நான் மேகம். கடலில் நீர் குடித்தேன். மலையில் இளைப்பாறினேன். உங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன்."

"இப்ப வராத தாயி, தீபாவளி கழிச்சு வா" என்று கருப்பம்மாள் கும்பிட்டாள். சிரித்துவிட்டு எல்லோரும் மறுபடி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார்கள்.

கம்பெனி வாசலில் இரும்புக்கு அனுமதி கிடையாது. இரும்பு உரசினால் பொறி. தாலிக்கொடியில் கோத்திருக்கிற ஊக்கைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் பொன்மணி ஊசியை ரவிக்கையில் குத்திய நினைப்பில்லாமல் உள்ளே போகப் பார்த்தாள். வாட்ச்மேன் கண்ணுச்சாமி நூல் தொங்குவதைப் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, நில்லு. என்னத்தக் குத்திக்கிட்டுப் போற? கம்பெனியத் தச்சு வைக்கப் போறியா?"

"மறந்துட்டேண்ணே. மகளுக்கு ஒரு அங்கி."

"குடு இங்கன." ஊசியை வாங்கி வாசல் வேப்பமரத்துப் பட்டையில் குத்தினார். துணியைச் சுருட்டித் தன் அறைக்குள் ஆணியில் மாட்டினார். "சாயந்தரம் வாங்கிக்க. ஊசி பத்திரமா இருக்கும். மரத்துக்குத்தான் வலிக்கும்."

அதற்குப் பிறகு தினமும் அந்த வேப்பமரம் அவள் ஊசியை வைத்துக்கொண்டது. சாயங்காலம் வேலை விட்டதும் தொட்டியடியில் கை கழுவக் கூட்டம் நிற்கும். சோப்புக் கட்டி ஒன்று, பெண்கள் ஐம்பது பேர். வேன்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். நின்றால் இடம் போய்விடும் என்று பொன்மணி கையை முந்தியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, ஊசியை மரத்திலிருந்து பிடுங்கி, துணியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறுவாள்.

அங்கி வளர வளர மடியில் அடங்கவில்லை. கழுத்தில் சுருக்கு வைத்துத் தைக்கும்போது கீழ்ப்பகுதி மூன்று பேர் மடியிலும் விரிந்து கிடந்தது. ஒரு ஓரத்தைச் சின்னத்தாய் இழுத்துப் பிடித்தாள். மடிப்புக் கலையாமல் கருப்பம்மாள் நல்ல கையால் அமுக்கிக்கொண்டாள். முன் இருக்கைக்காரி ஒருத்தி திரும்பி, "தையல் கோணுது, குடு" என்று வாங்கி ஒரு பக்கம் ஓரம் அடித்துக் கொடுத்தாள். ஊரில் இறங்கும்போது பொன்மணிக்குத் துணியைப் பார்க்கக் கண்ணில் வெளிச்சம் இருக்காது. சுருட்டிப் பையில் போட்டு வாசல் கொடியில் மாட்டிவிடுவாள். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் வேன் ஊருக்குள் திரும்புகிற இடத்தில் கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தாள்.

"முடிஞ்சுச்சா?" என்றாள் கருப்பம்மாள், கண்ணைத் திறக்காமலே.

"முடிஞ்சது மதினி."

"இனித் தூங்கு."

காலையில் பாண்டிமீனா அதை மாட்டிக்கொண்டு வாசலில் வெயிலுக்கு நேராக நின்றாள். கையை விரித்தாள். காற்று அங்கியைத் தூக்கியது. நிஜமாகவே ஒரு மேகம் அந்த வாசலில் வந்து நின்றதுபோல இருந்தது.

"எம்மா! முன்னவிட மினுங்குது பாரேன்!"

ஆமாம், மினுங்கியது. ஓரம் நெடுக, சுருக்கு வைத்த இடங்களில், வெள்ளி தெளித்ததுபோல மினுங்கியது. பொன்மணி பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. ஏன் மினுங்குகிறது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் எதுவோ, அது உடம்போடு சேர்ந்து களைத்துக் கிடந்தது. உழைத்ததற்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம்தான் மேடை. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் சனங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தாழ்வாரத்தின் முன்னோரத்தில் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். காற்றுக்கு மறைவாக இரண்டு பக்கமும் அட்டைகளைச் சாத்தியிருந்தும் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. பொன்மணி கருப்பம்மாளோடு தண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். உட்கார்ந்ததும் கண் சொருகியது.

"எம்மா, பொட்டு அழிஞ்சிருச்சா பாரு."

கண்ணைத் திறந்தாள். பாண்டிமீனா முன்னால் குனிந்து நின்றாள். வியர்த்த முகம். வலது கன்னத்தில் ஒரு வெள்ளிக் கோடு, மூக்கின் நுனியிலும் கொஞ்சம்.

"கன்னத்துல என்னது, டீச்சர் பூசிவிட்டாகளா?"

பின்னாலேயே வந்த பானுப்பிரியா டீச்சர், "நான் பவுடர் மட்டுந்தான் போட்டேன்க்கா. சீக்கிரம் அனுப்புங்க, அடுத்து நாங்கதான்" என்றாள்.

"வேர்த்துச்சு. இதாலதான் தொடச்சேன்" என்று பாண்டிமீனா அங்கியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

பொன்மணி அந்த ஓரத்தைக் கையில் வாங்கினாள். கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் வெள்ளியானது. துணியில் ஊறிப்போன பழைய வெள்ளி கன்னத்தில் ஒட்டாது. ஒட்டுகிறதென்றால் புதுசு. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஓரம் நெடுக விரல் ரேகைகள். பெரிய விரல், சின்ன விரல். அவளுடையது, சின்னத்தாயுடையது, வேன் முழுக்க இருந்த பெண்களுடையது. எல்லோர் மடியும் கம்பெனிச் சேலை. எல்லோர் கையும் முந்தியில் துடைத்த கை. இத்தனை நாள் தொட்டியில் கழுவியதையெல்லாம் வேனில் திரும்பத் தைத்து வைத்திருக்கிறாள்.

தூக்கம் போன இடம் தெரியவில்லை. விளக்கைப் பார்த்தாள். மேகம் மேடையை மூன்று சுற்றுச் சுற்றி வர வேண்டும். விளக்கு முன்னோரத்தில் இருந்தது.

"கழட்டு" என்றாள்.

"என்னம்மா?"

"அங்கியக் கழட்டு. அது இல்லாமப் போ."

பாண்டிமீனா இரண்டு கையாலும் கழுத்து முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். மேடையில், "அடுத்ததாக இரண்டாம் வகுப்பு மாணவ மாணவியர்" என்று மைக் சொன்னது. சோளப்பயிர்கள் ஏறிப் படுத்துக்கொண்டன.

"விளக்க அணைக்கச் சொல்லுங்க டீச்சர்."

"சுதந்திர தினத்துல விளக்க அணைக்கவா? என்னக்கா சொல்றீக? பிள்ளைய விடுங்க, வசனம் வந்துரும்."

மகளின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பிவிடுவாள். அந்த முதுகு திரும்பிவிடும். பொன்மணி பக்கத்தில் இருந்த குடத்தைத் தூக்கினாள். மகளின் தோளில், முதுகில், ஓரத்தில், மடிப்பில், ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்தாள். டீச்சர் "ஐயையோ" என்றாள். கருப்பம்மாள் என்ன ஏது என்று கேட்கவில்லை. பொன்மணியின் விரலில் இருந்த வெள்ளியை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல கையால் அடுத்த குடத்தை இழுத்து, வெந்த கையால் தாங்கி, கீழிருந்து மேலாக வீசி ஊற்றினாள்.

"இப்பப் போ" என்றாள் பொன்மணி.

மேகம் மேடைக்குப் போனது. ஆனால் அது விரியவில்லை. நனைந்த அங்கி காலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. கையை விரித்தால் ஈரத்துணி தொங்கியது. மினுக்கம் எங்கே போயிற்றோ, அடுப்புக் கரிபோலக் கறுத்துக் கிடந்தது. பாண்டிமீனா ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

"ஏ, என்மேல ஒழுகுதுடி" என்றது படுத்திருந்த சோளப்பயிர் ஒன்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பின்னாலிருந்து, இன்னும் மானாவாரியில் சோளம் போடுகிற சங்கையா எழுந்து நின்று, "ஏ தாயி, அப்படியே எங்க காட்டுப் பக்கமும் ஒரு நடை வந்துட்டுப் போ!" என்று கத்தினார். "போங்க மாமா, சீசன் முடியட்டும்!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் போனது. மறுபடி சிரிப்பு.

பொன்மணி சிரிப்பைக் கேட்கவில்லை. அவள் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில் காற்று ஒரு அடி அடித்தது. மறைவுக்கு வைத்த அட்டை சரிந்தது. சுடர் படுத்தது. மகள் விளக்கை ஒட்டித் திரும்பினாள், ஈர ஓரம் விளக்கின் மேலேறி இழுபட்டது. சுர்ரென்ற சத்தம். ஒரு திரி அணைந்தது. மெல்லிய புகை எழுந்து காற்றோடு போனது.

அவ்வளவுதான் நடந்தது. திரி அணைந்ததற்குச் சிலர் உச்சுக்கொட்டினார்கள். டீச்சர் ஓடிவந்து மறுபடி ஏற்றினாள். கருப்பம்மாள் பொன்மணியின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியை விடவில்லை.

மேடையில் பாண்டிமீனா நடுவில் வந்து நின்றாள். சிரிப்பு ஓயும் வரை காத்திருந்தாள். குளிரில் தாடை நடுங்கியது.

"நான் மேகம். கடலில் நீர் குடித்தேன். மலையில் இளைப்பாறினேன்" என்றாள். அடுத்த வரி வர நேரமாயிற்று. "உங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன்."

பரிசு சூரியனாக வந்த பக்கத்துத் தெருப் பையனுக்குப் போயிற்று. அவனுக்கு மஞ்சள் ஜிகினாத் துணி.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மகள் நாலடி முன்னாலேயே நடந்தாள். கூப்பிட்டால் அழுகை வரும், அல்லது கோபம் வரும், இரண்டுக்கும் பொன்மணிக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்ததும் அங்கியைக் கருவேல மரத்தில் போட்டாள். உச்சி வெயிலில் அது சீக்கிரமே காய்ந்தது. பாண்டிமீனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எந்திரி. வா."

"வரல."

"ஒண்ணு காட்டணும். வா."

பொட்டலில், கல்லிடுக்கில் செருகிய குச்சியில், அங்கியின் ஓரத்திலிருந்து தையலோடு வெட்டிய ஒரு கீற்று. மகளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பற்ற வைத்தாள். அது மஞ்சளாக, சோம்பலாக எரிந்தது. எரிந்துகொண்டே போயிற்று. ஒன்றுமில்லையோ, சும்மாதான் பிள்ளையை நனைத்து ஊரே சிரிக்க வைத்தோமோ என்று பொன்மணி நினைத்தாள். நெருப்பு மடிப்புக்குள் நுழைந்தது. நூல் முடிச்சிடம் வந்தது. இரண்டு குடம் தண்ணீருக்கும் போகாமல் அங்கே ஒளிந்திருந்த ஏதோ ஒன்று, சட்டென்று வெள்ளையாகத் தெறித்தது. பட்டப்பகலிலும் கண் கூசியது.

"ஐ, மின்னல்!" என்றாள் பாண்டிமீனா.

கரி கீழே விழுந்தது. மகள் கொஞ்ச நேரம் குச்சியைப் பார்த்தாள். பிறகு தூரத்து வேலியில் தொங்கிய அங்கியைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் நேற்றைய கம்பெனிச் சேலையும் காய்ந்துகொண்டிருந்தது. தன் கன்னத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஒன் சேலையிலயும் இருக்கா?"

"இருக்கு."

"கருப்பம்மா அத்தைக்கு இதானா?"

"இதான்."

"அப்ப நீயும் நனைஞ்சுக்கிட்டே வேல பாரும்மா."

"ஈரமானா கம்பெனிக்கு ஆகாது தாயி."

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கியைப் பொன்மணி சிமெண்டுத் தொட்டியில் போட்டு, மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தாள்.

மறுநாள் வழக்கம்போல வேன் வந்தது. தைக்க ஒன்றும் இல்லாததால் பொன்மணி கம்பெனி வரைக்கும் தூங்கினாள். வாசலில் கண்ணுச்சாமி, "என்னத்தா, மேகம் பேஞ்சுச்சா?" என்றார். "பேஞ்சது அண்ணே" என்று சொல்லி ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அறைக்குள் போய் உட்கார்ந்து முதல் கூம்பை அடைத்தாள். இரண்டாவதை அடைத்தாள். கை தானாகவே முந்திக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தி, வெள்ளி அப்பிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைக்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள். கூம்புகள் இருந்தன, மருந்து இருந்தது, வெறும் சுவர் இருந்தது.

முந்தியிலேயே துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.